ஒட்டுக்குக் கீழ வந்த குருத்து

ஏம்மா, அந்தத் தொட்டிகிட்டப் போகாத. முள்ளு. சேலையப் புடிச்சுச்சுன்னா கிழிக்காம விடாது. இங்கிட்டு வா, இந்தச் சேருல உக்காரு. எங்க வீட்டுக்காரரு மாடிச் சாவியத் தேடிக்கிட்டு இருக்காரு. அவரு எத வச்ச எடத்துல வச்சுருக்காரு, இத வைக்கறதுக்கு?

மாடி நல்ல மாடிம்மா. ரெண்டு ரூமு, தனிக் குழாயி, தெக்குப் பாத்த சன்னலு. காத்து அள்ளிக்கிட்டுப் போகும். நான் சொல்லல, வந்து பாத்த எல்லாரும் சொன்னாக. ஆனா ஒண்ணு முன்னாடியே சொல்லிர்றேன். பின்னாடி வந்து, அதச் சொல்லலையே இதச் சொல்லலையேன்னு எங்கிட்ட நிக்கக் கூடாது. மாடிக்குக் குடி வர்றவுக எஞ் செடியத் தொடக் கூடாது. தண்ணி ஊத்துறேன், பழுத்த எலையக் கிள்ளுறேன், போன்ல பாத்தேன் அப்படிப் பண்ணணுமாம் இப்படிப் பண்ணணுமாம், ஒண்ணும் வேணாம். பாக்கலாம். பாக்குறதும் கண்ணு வைக்காமப் பாக்கணும்.

சிரிக்கிற. சிரி. பட்டவளுக்குத்தான் தெரியும்.

இதுக்கு முன்ன மேல யாரு இருந்தாகன்னு கேட்டேல்ல? எம் மகனும் மருமகளும்தான். கதிரேசன், ஒரே மகன். அவன் கல்யாணத்துக்குன்னே மாடிய எடுத்துக் கட்டுனோம். ஆடியில கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாக. ஒத்தக்கடையில வீடு புடிச்சு இருக்காக. சொந்த மாடி விளாங்குடியில காத்து வாங்கிக்கிட்டுக் கெடக்கு, அங்க போயி எவனுக்கோ வாடகை அளக்குறான். கோவம் தணிஞ்சா தானா வருவான்னு நானும் சும்மா போட்டு வச்சுருந்தேன். வரல. சரிடா, நீ வராட்டி எனக்கென்ன, அடுத்தவன் வந்து ஓன் எடத்துல உக்காந்தா அப்பத் தெரியும் ஒனக்குன்னு போர்டத் தொங்க விட்டேன். அவன் கூட்டாளி ஒருத்தன் இந்தத் தெருவுலதான் இருக்கான். போர்டப் பாத்ததும் போன் போட்டுச் சொல்லியிருப்பான். சொல்லணும்னுதான தொங்க விட்டதே.

எல்லாம் இந்தச் செடியாலதான். இல்ல, செடி என்னம்மா பண்ணும், வாயில்லாத சீவன். அவளாலதான். இந்துமதின்னு பேரு. பேரு நல்லாத்தான் இருக்கு.

இந்த ரோஜாவ நான் மூணு வருசத்துக்கு முன்ன சித்திரப் பொருட்காட்சியில வாங்குனேன். ஒரு முழம் இருந்துச்சு, ஒத்தப் பூவோட. உள்ள பாத்தா ரத்தச் செவப்பு, எதழத் திருப்பிப் பாத்தா மஞ்சள். ஒரே பூவுல ரெண்டு நெறம், நீ எங்கயாச்சும் பாத்துருக்கியா? ஒட்டு ரோஜாம்மா, நல்ல வெயில்ல வையிங்க, தண்ணி தேங்காமப் பாத்துக்கங்கன்னு செடிக்காரன் சொல்லிக் குடுத்தான். பஸ்ஸுல ஒரு சீட்டுல நான், பக்கத்துச் சீட்டுல செடி. எங்க வீட்டுக்காரரு விளாங்குடி வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தாரு. கண்டக்டரு கேட்டான், செடிக்கு டிக்கெட்டான்னு. போடுடான்னேன்.

பெத்த பிள்ளையக்கூட அப்படிப் பாக்கலம்மா. அரிசி கழுவுன தண்ணி அதுக்குத்தான். மீனு கழுவுன தண்ணி அதுக்குத்தான். டீத்தூள அலசிக் காய வச்சுப் போடுவேன், முட்டை ஓட்ட அம்மியில நுணுக்கிப் போடுவேன். முட்டை ஓட்டுக்குன்னே வீட்டுல தெனமும் முட்டை. ஒரு தடவை மாவுப்பூச்சி வந்து கொப்பெல்லாம் வெள்ளையா அப்பிக்கிருச்சு. பல்லு தேய்க்கிற பிரஷ்ஷ எடுத்து ஒவ்வொரு கணுவாத் தேச்சு எடுத்தேன். கதிரேசன் பிரஷ்ஷு. காலையில தேடுனான். வேற வாங்கிக்கடான்னேன். சரிம்மான்னு போயி வாங்கிக்கிட்டான். அப்பெல்லாம் தங்கமான பிள்ளை.

பூத்துச்சு பாரு, தெருவே கேட்டுகிட்ட வந்து நின்னுச்சு. குருவம்மா வீட்டு ரோஜான்னா காய்காரனுக்குக்கூடத் தெரியும். பதியம் போட ஒரு கம்பு குடு, ஒரே ஒரு கம்பு குடுன்னு எத்தனை பேரு வந்தாக! ஒருத்திக்கும் குடுக்கல. ஏன் குடுக்கணும்? குடுத்தா ஊரு பூராம் பூக்கும். பெறகு எங்க வீட்டுல பூத்தா யாரு வந்து பாப்பா?

அப்படி இருக்கையில இவ வந்தா. கல்யாணம் முடிஞ்சு மொத வெள்ளிக்கெழமை. "அத்தை, ஒரு பூ எடுத்துக்கவா?"ன்னு கேட்டா. நான் ஒண்ணும் பூ குடுக்காதவ இல்ல. ஆனா அன்னைக்கு இருந்தது ரெண்டே பூ. ஒண்ணு சாமிக்கு. இன்னொண்ணு செடியில இருக்கணும், ஆளுக பாக்குறதுக்கு. ஒனக்கு மல்லியப்பூ வாங்கித் தரச் சொல்றேன் உம் புருசங்கிட்டன்னேன். இதுல தப்பு என்ன இருக்கு? சரிங்கத்தைன்னு படியேறிப் போயிட்டா. அந்த "சரிங்கத்தை" இருக்கு பாரு, அதுதான் எனக்குப் புடிக்காது. சண்டை போட்டா நாலு வார்த்தை பேசிட்டு ஓஞ்சுரலாம். சரிங்கத்தைன்னா அதுக்கு என்னத்தச் சொல்ல?

பெறகு கொஞ்சநாள் நல்லாத்தான் போச்சு. மாசமா இருந்தா. மூணாம் மாசம் தங்காமப் போயிருச்சு. ஆஸ்பத்திரியில ராப்பகலா உக்காந்து கஞ்சி ஊத்துனது யாரு? நான். அவுக அம்மா வந்தாக, அழுதாக, போயிட்டாக. துணி அலசுனது நான். இத எவளும் பேச மாட்டாளுக. நான் பேசுனத மட்டும் ஊரெல்லாம் பேசுவாளுக.

அந்த வருசக் கோடை வெயிலுக்குச் செடி வாடிருச்சு. மேல இருக்கிற கொப்பெல்லாம் வதங்கி, நுனி கருகி, வத்தலா நிக்குது. எனக்குன்னா சோறு எறங்கல. அப்பத்தான் அடியில, மண்ண ஒட்டி, ஒரு குருத்து வந்துச்சும்மா. பச்சைப் பசேல்னு. விடிஞ்சு பாத்தா ஒரு விரக்கடை கூடியிருக்கும். எஞ் செடி பொழச்சுருச்சுன்னு எல்லாருக்கும் ஆளுக்கொரு லட்டு குடுத்தேன். இவளுக்கும்தான் குடுத்தேன். லட்டக் கையில வச்சுக்கிட்டு குனிஞ்சு பாத்துட்டுச் சொல்றா:

"அத்தை, இத வெட்டிறணும். இது ஒட்டுக்குக் கீழ இருந்து வருது. இது நம்ம ரோஜா இல்ல, ஒட்டுக் கட்டுறதுக்கு அடியில வைக்கிற காட்டு ரோஜா. இத விட்டா சத்தெல்லாம் இதுவே இழுத்துக்கும், மேல இருக்கறது செத்துரும். காம்புக்கு ஏழு எலை இருக்கு பாருங்க. நம்மளுதுல அஞ்சுதான்."

யாரும்மா ஒனக்குச் சொன்னதுன்னு கேட்டேன். போன்ல பாத்தாளாம். போன்ல! அந்தச் செடிய நட்டு, ஊத்தி, பூச்சி எடுத்தவ நான். போன்ல எவனோ சொல்றான், இவ கேக்குறா. ஒரே தொட்டி, ஒரே வேரு, நான் ஊத்துற ஒரே தண்ணி. அதுல இது நம்மளுது, அது காட்டுதுன்னு எலைய எண்ணிச் சாதி பிரிக்கிறா! அவளுக்கு வந்த நாள்ல இருந்து அந்தப் புத்திதான். எங்க சிலிண்டரு, உங்க சிலிண்டரு. எங்க வாளி, உங்க வாளி.

தொடாதன்னு சொல்லிட்டேன். தெளிவாச் சொன்னேன். ரேஷனுக்குப் போயிட்டு வந்து பாக்குறேன், குருத்த அடியோட அறுத்துப்புட்டா. வயித்துல அடிச்சுக்கிட்டேன். "செடி பொழைக்கணும்னுதான் அத்தை பண்ணுனேன்"னு சொல்றா. நெசமாவே நல்லது பண்ணுனவ மாதிரி நிக்கிறா, கையில கத்திரிய வச்சுக்கிட்டு.

நல்லவேளை, அந்தக் குருத்துக்குச் சாவு கெடையாது. பக்கத்துலயே மறுபடி ரெண்டு வந்துச்சு. பாத்தியா, எம்புட்டு உசுரு அதுக்கு! அதுல இருந்து நான் நகரல. மதியம் தூங்குறதுன்னாலும் செடிகிட்டக் கட்டிலப் போட்டுத்தான். கண்ணு படாம இருக்கப் பட்ட மிளகாயக் கட்டித் தொங்க விட்டேன். இருந்தும் ஒரு நாள் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள ஒண்ண அறுத்துட்டா. அன்னைக்கு விடல. தெருக்குழாயில தண்ணி புடிக்கிற நேரம், எல்லாரும் நின்னாக. நான் ஒண்ணும் கெட்ட வார்த்தை பேசல. இந்த வாயில கெட்ட வார்த்தையே வராது, யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். "செடியில வர்ற குருத்தையே அறுக்குறவளுக்கு வயித்துல எப்படித் தங்கும்?"

அம்புட்டுத்தான். உள்ளதத்தானம்மா கேட்டேன்?

குழாயில நின்னவளுக எல்லாம் கொடத்தத் தூக்கிக்கிட்டு நழுவிட்டாளுக. அவ சரிங்கத்தைன்னு சொல்லல, அன்னைக்கு மட்டும். மேல போயிட்டா. சாயங்காலம் கதிரேசன் வந்தான். மேல போனான். கீழ வந்தான். "ஏம்மா அப்படிச் சொன்ன?"ன்னான். எப்படிச் சொன்னேன்னேன். எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னான், யாரோ தெரியாத பொம்பளையப் பாக்குற மாதிரி. அடுத்த வாரம் வண்டி வந்து வாசல்ல நிக்குது. ஆடி மாசம்மா! ஆடியில யாராச்சும் வீடு மாத்துவாகளா? மாத்துனான். தலையணை மந்திரம் அம்புட்டு வேலை செஞ்சுருக்கு.

அவுக சாமான் எறக்குறாக, நான் செடிகிட்ட உக்காந்துட்டேன். மனசு சரியில்லன்னா எனக்குச் செடிகிட்டத்தான் உக்காரணும். அரிவாமனைய எடுத்து, மேல இருந்த வத்தக் கொப்பு பூராத்தையும் வெட்டி மதில் ஓரத்துல எறிஞ்சேன். கீழ இருந்து வர்றதுதான் நல்லா வருது, அதுக்கு எடம் விடணும்ல? அவ என்ன பண்ணுனா தெரியுமா? வண்டியில ஏறப் போனவ எறங்கி வந்து, நான் எறிஞ்சதுல பச்சை ஓடுன கம்பாப் பாத்துப் பொறுக்குனா. ஈரத் துணியில சுத்தி, பைக்குள்ள வச்சுக்கிட்டா. குப்பையக்கூட விட மாட்டேங்குறாளே, இவ என்ன பெறவின்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன். கதிரேசன் எங்கிட்ட வந்து "வர்றேம்மா"ன்னான். நான் தலையத் தூக்கல. கொப்பு வெட்டிக்கிட்டு இருந்தேன்.

இப்ப வர்றதுதான் விசயம். கேளு. இதுக்கப்பறம் சொல்லு, அவ திருடியா இல்லையான்னு.

அவ போனதும் எஞ் செடி சும்மா திமுதிமுன்னு வளந்துச்சு. அந்தா, நீயே பாக்குறேல்ல, மதில் மேல ஏறிப் பக்கத்து வீட்டுக்குள்ள தலைய நீட்டுது. அவ கை படாம இருந்தா எப்படி வருது பாரு! சரி, ஐப்பசி மழையில பூக்கும்னு பாத்தேன். கார்த்திகையில பூக்கும்னு பாத்தேன். முள்ளுதான் வருது. எலைதான் வருது. மொட்டே வைக்கல. இந்தத் தை மாசம் எங்க வீட்டுக்காரரு போன நோண்டுறேன், அவ ஸ்டேட்டஸ் போட்டுருக்கா. பூ! எம் பூ! உள்ள செவப்பு, வெளிய மஞ்சள். அவ வீட்டு வாசல்ல, ஒரு பெயிண்டு டப்பாவுல.

எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. புரிஞ்சு போச்சு. செடிய மாத்திப்புட்டா! எஞ் செடியத் தூக்கிட்டு, எங்கயோ கெடந்த முள்ளுச் செடிய இந்தத் தொட்டியில வச்சுட்டுப் போயிருக்கா. எப்ப மாத்துனா, எப்படி மாத்துனான்னு கேக்காத. நான் கண்ண மூடுனா கொண்டுபோயிருவா. இல்லாட்டி என் வீட்டு ரோஜா அவ வீட்டுல எப்படிப் பூக்கும்? நீ சொல்லு. அவுக பூமியில இருந்து மொளைச்சு வந்துச்சா?

ரெண்டு பஸ்ஸு மாறி ஒத்தக்கடை போனேன். மகன் குடி போன வீட்டுக்கு மொத மொதல்ல போறேன், வெறுங்கையோட. வாசல்ல பூத்து நிக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல, கொத்தா நிக்குது. அவ வெளிய வந்தா. "வாங்கத்தை"ன்னா. ஓன் வாங்கத்தை எனக்கு எதுக்கு, எஞ் செடி எப்படி இங்க வந்துச்சுன்னு கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா? "உங்க செடிதான் அத்தை. நீங்க வெட்டிப் போட்ட கம்புல இருந்து வந்ததுதான். எடுத்துக்கங்க, பூவும் எடுத்துக்கங்க. உள்ள வாங்க, காப்பி குடிங்க"ங்குறா.

பாத்தியா? ஒத்துக்கிட்டா! உங்க செடிதான்னு அவ வாயாலயே சொல்லிட்டா. அதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்? பெயிண்டு டப்பாவக் கவுத்துப் புடுங்கி எடுத்துட்டேன். அந்த வீட்டுக்காரம்மா, பக்கத்து வீட்டு ஆளுக, எல்லாரும் வேடிக்கை பாக்குறாக. பாக்கட்டும். எம் பொருள நான் எடுக்குறேன், எனக்கென்ன வெக்கம்? அவ தடுக்கல. கதவ ஒட்டி நின்னு வயித்துல கைய வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தா. மறுபடி மாசமா இருப்பா போல. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அதையும் அடுத்தவுக சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?

கதிரேசன் உள்ள இருந்து வந்தான். கத்துவான்னு பாத்தேன். கத்தல. "சரிம்மா. ஓஞ் செடிய எடுத்துட்டேல்ல. இனிமே எங்க வீட்டுல ஓன் சாமான் எதுவும் இல்ல. வந்துராத"ன்னான்.

அப்படியா பேசுவான் எம் பிள்ளை? அவ சொல்லிக் குடுத்தது. ராத்திரி எல்லாம் உக்காந்து சொல்லிக் குடுத்துருப்பா.

முந்தானையில வேரச் சுத்தி எடுத்துட்டு வந்தேன். அந்தத் தொட்டிக்குப் பக்கத்துலயே நட்டேன். ஒரு வாரத்துல காஞ்சுருச்சு. அவ வச்ச செடி எப்படி வெளங்கும்? பெயிண்டு டப்பா வெசம் ஏறியிருக்கும்.

இப்பத்தான் எங்க வீட்டுக்காரருக்கும் புத்தி மாறிக் கெடக்கு. ஞாயித்துக்கெழமையானா கோயிலுக்குப் போறேன்னு கெளம்பிருவாரு. மத்தியானம் வந்து சோறு வேணாங்குறாரு. கிட்டப் போனா பிரியாணி வாடை. எந்தக் கோயில்லம்மா பிரியாணி போடுறாக? எஞ் சமையல் புடிக்கல, ஹோட்டல்ல தின்னுட்டு வர்றாரு. வயசான காலத்துல நாக்கு நீண்டு போச்சு.

இந்தா, சாவி கெடைச்சுருச்சாம். வா, மேல போவோம். கைப்புடியப் புடிச்சுக்கிட்டு ஏறு.

இதுதான் கூடம். இது அடுப்படி. மேடையெல்லாம் பளிச்சுன்னு இருக்கா? தெனமும் கூட்டித் தொடச்சுருவேன். ஆளு இல்லாத வீட்டுல தூசி அடையும்ல, அதுக்குத்தான். அது அவன் கட்டில். அவன் ஒசரத்துக்கு அளவு குடுத்துச் செஞ்சது. விரிப்பு நேத்துத்தான் மாத்துனேன். தலையணை உறைக்கு மட்டும் இன்னும் நூலு வாங்கணும், ஓரம் பிரிஞ்சு கெடக்கு.

என்ன, புடிச்சுருக்கா? வேற வீடு பாக்கலையா நீ? இதே போதுமா?

எல்லாத்துக்கும் சம்மதமா? செடியத் தொட மாட்ட. தெருக்குழாயில மொதக் கொடம் நாந்தான் வைப்பேன். சம்மதமா? ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஆளு அம்பு வரக் கூடாது. அதுக்குமா?

வர்ற வெள்ளிக்கெழமையே பால் காய்ச்சணுமா?

பங்குனிம்மா இது. பங்குனியில யாரு வீட்டுக்குக் குடி போவா? உங்க வீட்டுல பெரியவுக இல்லையா, நாளு கெழமை பாக்க மாட்டீகளா? சித்திரையா? சித்திரையில மேல தளம் கொதிக்கும், மொட்ட மாடிக்குக் கீழ வெந்துருவ. இப்பவே சொல்லிட்டேன், பெறகு எம்மேல பழி போடக் கூடாது. வைகாசியா? இரும்மா. நீ என்ன இப்படிப் பறக்குற? இந்தக் கட்டில எங்க கொண்டு போயிப் போடுறது? கீழ எடம் ஏது? பிரிச்சா மறுபடி மாட்ட முடியாது, அது அப்படிச் செஞ்சது.

அட்வான்ச உள்ள வையி. வாங்க மாட்டேன். உள்ள வைன்னு சொல்றேன்ல.

ஆமா, ஒன்ன யாரு இங்க அனுப்புனா? நெசத்தச் சொல்லு. அவளா? வீடு போயிருச்சுன்னா இவன் திரும்ப மாட்டான்னு கணக்குப் போட்டு ஒன்ன அனுப்பி வச்சாளா? சத்தியம் எதுக்குப் பண்ற, கேட்டதுக்குப் பதில் சொல்லு.

எறங்கு. மொதல்ல கீழ எறங்கு. செருப்பப் போட்டுக்கிட்டா உள்ள வந்த? நான் பாக்கவே இல்லையே. எம் மகன் குடியிருக்குற வீட்டுக்குள்ள செருப்போட வந்து நின்னுக்கிட்டு, என்னைக்குப் பால் காய்ச்சலாம்னு எங்கிட்டயே கேக்குற. சாயங்காலம் அவன் வேலை விட்டு வந்து கேட்டான்னா நான் என்னம்மா பதில் சொல்லுவேன்?